பந்து வளைவது எங்ஙனம்?

தூத்துக்குடியினின்று திருநெல்வேலிக்குச் செல்லும் பெருவழியில் புதுக்கோட்டை என்னும் ஊர் உள்ளது. தொண்டைமான் மன்னர் ஆண்ட புதுக்கோட்டை வேறு, இது வேறு. முத்துக்குளித்தலாலும் உப்பளங்களாலும் பெயர் பெற்ற கடற்கரைக்கு அணித்தாயுள்ள சிற்றூர் இது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் காலை, நாமும் நம் நண்பர் மூவரும் அவ்வழியே செல்லுங்கால் ஒரு தேநீர்க் கடையில் சிறிது தங்கினோம். கடையிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டியில், சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியருக்கும் வங்காளதேசத்தாருக்கும் அன்று தொடங்கிய டெஸ்ட் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. கடையில் நின்றவர் பதின்மருக்கு மேலிருப்பர். தேநீர் ஆறிப்போவதைக்கூட ஒருவரும் கருதவில்லை.

காரணம் இது. நாணயச் சுழற்சியில் வென்ற வங்காளதேசத்தார் முதலிற் பந்து வீசத் துணிந்தனர். ஹசன் மஹ்மூத் என்னும் இளைஞர் புதுப்பந்தை வீசினார். ரோஹித் சர்மா 6 ஓட்டங்களிலும், சுப்மன் கில் ஓட்டம் ஒன்றும் எடாமலும், விராட் கோலி 6 ஓட்டங்களிலும் அவர் பந்துக்கே இரையாயினர். 34 ஓட்டங்களுக்குள் மூன்று விக்கெட்டுகள் வீழ்ந்தன. கண்ணைப் பறிக்கும் வேகம் அவரிடம் இல்லை. ஆயினும் பந்து காற்றிலே ஒருபுறம் ஒதுங்கிச் சென்றது. கிரிக்கெட்டு நூலார் இதனை 'ஸ்விங்' என்பர். நாம் 'வளைவு' என்போம்.

கடையிலே வாதம் மூண்டது. "கடலோரத்து ஈரக்காற்று பந்தை இழுக்கிறது" என்றார் ஒருவர். "வானம் மூடியிருக்கிறது, அதுதான் காரணம்" என்றார் மற்றொருவர். "எல்லாம் மணிக்கட்டின் வித்தை" என்றான் ஓர் இளைஞன். அப்பொழுது, உப்பளத்தில் வேலை பார்த்து முதுமையெய்திய பெரியவர் ஒருவர் சொன்ன சொல் எல்லார் செவியையும் ஈர்த்தது. "77இலே இதே சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரன் வாஸ்லீன் தடவித்தானே நம்மைக் கவிழ்த்தான்! நான் அப்போது சிறுபயல். அளத்திலே வானொலி வைத்துக் கேட்டோம். சும்மா போட்டால் பந்து அப்படி வளையுமா?" என்றார். இளைஞன் விடவில்லை. "அண்ணாச்சி, இன்றைக்கு இவர் எதைத் தடவினார்? தோற்றால் உடனே எதிராளி கள்ளன் என்பதா?" என்றான். பெரியவர் முகம் சிவந்தது. இருவரும் அதன்பின் ஒருவரையொருவர் நோக்கவில்லை.

பேருந்தில் ஏறிய பின்னும் அவ்வினா நம் நெஞ்சை விட்டகலவில்லை. ஒருவனைக் கள்ளன் என்பது சிறு சொல்லன்று. அப்படிச் சொல்லுமுன், சூது கலவாத பந்து எவ்வளவு வளையக்கூடும் என்பதை அறிதல் வேண்டுமன்றோ? அதனை அறிந்தோர் சொல்லியவற்றைத் தொகுத்து, நம் மாணாக்கர்க்கு விளங்குமாறு ஈண்டு எழுத முற்பட்டோம்.

பந்தின் அமைப்பு

முதற்கண் பந்தை நோக்குவோம். கிரிக்கெட்டுப் பந்தின் எடை ஏறத்தாழ 156 முதல் 163 கிராம். அதன் சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்டிமீட்டர். தக்கையை நடுவே வைத்து, நூலால் இறுகச் சுற்றி, அதன்மேல் தோல் போர்த்துத் தைப்பர். இரண்டு அரைக்கோளங்களும் கூடுமிடத்தில் ஆறு வரிசைத் தையல் மேலெழுந்து பந்தைச் சுற்றி ஓடுகிறது. மற்றெல்லாப் பந்துகளிலிருந்தும் கிரிக்கெட்டுப் பந்தை வேறுபடுத்துவது இத்தையலே. டென்னிஸ் பந்துக்கோ கால்பந்துக்கோ இத்தகைய ஒற்றை வரம்பு இல்லை. வளைவின் மருமம் முழுதும் இவ்வரம்பிலும், அதன் இருமருங்கிலுமுள்ள தோலின் மழமழப்பிலும் அடங்கியிருக்கிறது.

காற்றின் தொழில்

பந்து விரையுங்கால் அதனைத் தொட்டுச் செல்லும் காற்று, மெல்லிய படலமாய் அதன் மேற்பரப்பை ஒட்டிச் செல்கிறது. இப்படலத்தின் இயல்பை முதன்முதல் தெளிவாக எடுத்துரைத்தவர் ஜெர்மனியரான லுட்விக் பிராண்டில். ஆண்டு 1904. இப்படலம் பந்தின் பின்புறம் முழுவதும் ஒட்டியிருப்பதில்லை, ஓரிடத்தில் பிரிந்துவிடுகிறது. பிரிந்த இடத்துக்குப் பின்னே, ஓடும் தோணியின் பின்னால் நீர் சுழல்வது போலக் காற்றுச் சுழல் ஒன்று நீள்கிறது.

படலம் இருவகைப்படும். காற்று இழையிழையாய் ஒழுங்காகச் செல்லின் அஃது அமைதிப் படலம். தாறுமாறாய்க் கலங்கிச் செல்லின் கலங்கற் படலம். கலங்கியதே விரைவிற் பிரிந்துவிடும் என்று நம் மனம் எண்ணும். உண்மை அதற்கு நேர்மாறானது. கலங்கற் படலம், புறத்தே விரையும் காற்றின் வலிமையைத் தன்னுட் கலந்துகொள்வதால், பந்தின் பின்புறத்தில் நெடுந்தொலைவு ஒட்டிச் செல்கிறது. அமைதிப் படலமோ வலிமை குன்றி முன்னதாகவே கழன்றுவிடுகிறது.

இனித் தையலுக்கு வருவோம். வீசுவோர் தையலை நேரே விக்கெட்டை நோக்கி நிறுத்தாமல் சற்றுச் சாய்த்துப் பிடிக்கின்றனர். அப்பொழுது பந்தின் ஒருபுறத்துக் காற்று தையலின்மேல் இடறிக் கலங்குகிறது. மறுபுறத்துக் காற்றுக்கு இடறல் யாதுமில்லை. மழமழப்பான தோலின்மீது அமைதியாய்ச் செல்கிறது. ஆகவே தையற்புறத்திற் படலம் பிந்திப் பிரிகிறது. மறுபுறத்தில் முந்திப் பிரிகிறது. பின்னே நீளும் சுழல் நேரே செல்லாது மறுபுறம் சாய்கிறது. காற்று ஒருபுறம் தள்ளப்பட்டால் பந்து எதிர்ப்புறம் தள்ளப்படவேண்டும் என்பது நியூட்டன் வகுத்த விதி. எனவே தையல் எப்பக்கம் சாய்ந்து நோக்குகிறதோ அப்பக்கமே பந்து செல்கிறது.

நம் கடற்கரையார்க்கு இஃது அயலான செய்தியன்று. தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற காலம் உண்டு. தண்டல் சுக்கானை ஒருபுறம் திருப்ப, நீர் ஒருபுறம் ஒதுக்கப்பட்டுத் தோணியின் பின்புறம் எதிர்ப்புறம் தள்ளப்படும். அவ்வாறே தையல் காற்றை ஒதுக்குவதால் பந்து தள்ளப்படுகிறது. சுக்கான் பின்னே உள்ளது, தையல் முன்னே வேலை செய்கிறது என்ற வேறுபாடு உண்டாயினும், தள்ளும் முறை ஒன்றே.

வீசுவோன் செய்யவேண்டுவது இன்னுமொன்று உண்டு. தையல் வழியிலே ஆடிப் புரளுமாயின் இவ்வளவும் வீணாகும். விரல்கள் பந்தைவிட்டு நீங்குங்கால் அதற்குப் பின்னோக்கிய சுழற்சி ஒன்றைக் கொடுக்கின்றன. சுற்றும் பம்பரம் சாயாது நிற்பது போல, அச்சுழற்சியால் தையல் தன் நிலை மாறாது செல்கிறது. இளைஞன் கூறிய மணிக்கட்டின் வித்தை இதுவே. அவன் சொல்லிற் பாதி உண்மை உண்டு.

எவ்வளவு வளையும்?

கேம்பிரிட்ஜில் வானநூற் புலவராயிருந்த லிட்டில்ட்டன் 1957ஆம் ஆண்டில் இவ்வளைவைப் பற்றி எழுதினார். பின்னர் 1983ஆம் ஆண்டில் ரவீந்திர மேத்தா என்பாரும் அவர் தோழரும் காற்றுக் குகையிற் பந்துகளை வைத்து அளந்து, முடிவுகளை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். மேத்தா பின்னாளில் அமெரிக்க நாசா நிறுவனத்தில் காற்றியக்க ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். பள்ளியில் அவருடன் பயின்றவர் பாகிஸ்தான் பந்து வீச்சாளர் இம்ரான் கான் என்பது சுவையான செய்தி. தையல் ஏறத்தாழ 20 பாகை சாய்ந்து, பந்து மணிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்திற் செல்லுங்கால் வளைவு மிகுதி என்று அவ்வாராய்ச்சி காட்டியது. மிதவேகத்தார் பந்து அதிவேகத்தார் பந்தினும் அதிகம் வளைவதன் காரணம் இதனால் விளங்கும். வேகம் மிக மிகத் தையலில்லாப் பக்கத்துக் காற்றும் தானே கலங்கிவிடுவதால், இருபுறத்துக்கும் உள்ள வேறுபாடு குறைந்துபோகிறது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். பந்தைப் பக்கவாட்டிற் தள்ளும் விசை அதன் எடையில் நாலில் ஒரு பங்கு என்று கொள்வோம். பந்து காற்றிற் செல்லும் காலம் 0.55 விநாடி என்க. அங்ஙனமாயின் அது நேர்வழியினின்று விலகும் தூரம் ஏறத்தாழ 37 சென்டிமீட்டர். மூன்று தடிகளும் சேர்ந்த விக்கெட்டின் அகலமே 22.86 சென்டிமீட்டர் தான். மட்டையின் அகலமோ 10.8 சென்டிமீட்டருக்கு மிகாது.

இதனினும் வியப்புக்குரியது வேறொன்று. விலகும் தூரம் காலத்தின் வர்க்கத்தைப் பொறுத்துப் பெருகுகிறது. பாதி நேரத்திற் பந்து விலகுவது பாதித் தூரமன்று, நாலில் ஒரு பங்கே. முதற்பாதியில் 9 சென்டிமீட்டர் மட்டுமே விலகிய பந்து, பிற்பாதியில் 28 சென்டிமீட்டர் விலகுகிறது. ஆடுவோன் பந்தின் போக்கை முதற்பாதியிற் கண்டே காலையும் மட்டையையும் நகர்த்தவேண்டியிருக்கிறது. அவன் துணிந்த பிறகே பந்து தன் உண்மை வடிவைக் காட்டுகிறது. கடைசி நொடியிற் பந்து திரும்பிவிட்டது என்று கண்டோர் கூவுவதும், இதில் ஏதோ சூது உண்டு என்று தோற்றோர் ஐயுறுவதும் இதனாலேயே. சூது அன்று, வர்க்கக் கணக்கு.

ஈரக்காற்றும் மேகமும்

கடலோரத்து ஈரக்காற்று பந்தை வளைக்கும் என்பது உலகெங்கும் கிரிக்கெட்டு ஆடுவோர் கொண்டுள்ள நம்பிக்கை. ஈரக்காற்று கனமானது என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் நீராவி காற்றினும் இலேசானது. ஈரம் மிகுந்தால் காற்றின் அடர்த்தி சிறிது குறையுமேயன்றி மிகாது. ஈரத்தாற் பந்தின் தையல் பருக்கும் என்றும் சிலர் கூறினர். 2012ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஆராய்ச்சியாளர், ஈரம் வேறுபட்ட நிலைகளிற் பந்தை நுட்பமாய் அளந்து பார்த்து, அத்தகைய மாறுதல் யாதும் காணவில்லை. மேகம் மூடிய நாளில் நிலம் சூடேறாமையால் ஆடுகளத்தின்மேற் காற்று அலைவின்றி அமைதியாயிருக்கும்; அது பந்தின் அமைதிப் படலத்தைக் கெடாது காக்கக்கூடும் என்று அவர்கள் ஓர் ஊகம் கூறினர். ஆகவே மேகத்தைச் சொன்னவர் வாதத்தில் இடமுண்டு. ஈரத்தைச் சொன்னவர் வாதத்துக்குச் சான்று கிடைக்கவில்லை.

1977ஆம் ஆண்டுச் செய்தி

இனிப் பெரியவர் கூறியதை எடுத்துக்கொள்வோம். டோனி கிரெய்கைத் தலைவராகக் கொண்ட இங்கிலாந்து அணி 1976ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா வந்தது. அவ்வணியில் ஜான் லீவர் என்ற இடக்கை வீச்சாளர் இருந்தார். டிசம்பர் மாதம் டில்லியில் தம் முதல் டெஸ்டிலேயே அவர் முதல் ஆட்டத்தில் 46 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளும், இரண்டாவதில் 24 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளும் வீழ்த்தினார். அப்பந்தயத்தில் முதலிற் கொடுத்த பந்து உருக்கெட்டதால் வேறு பந்து கொடுக்கப்பட்டது. மாற்றுப் பந்தே மிகுதியாய் வளைந்தது. டில்லியிலும் கல்கத்தாவிலும் இந்தியர் தோற்றனர்.

மூன்றாம் டெஸ்டு 1977 ஜனவரியிற் சேப்பாக்கத்தில் நடந்தது. லீவரும் மற்றொரு வீச்சாளரான பாப் வில்லிஸும், வியர்வை கண்ணில் வழியாதிருக்க நெற்றியில் வாஸ்லீன் தோய்ந்த துணிப்பட்டையை ஒட்டியிருந்தனர். லீவரின் பட்டை நடுவர் ரூபன் கண்ணிற் பட்டது. அவர் அதனை மேலிடத்துக்குத் தெரிவித்தார். இந்திய அணித் தலைவர் பிஷன் சிங் பேடி வெளிப்படையாகக் குறை கூறினார். செயற்கைப் பொருள் எதனையும் பந்திற் பூசலாகாது என்பது விதி. பட்டை கண்ணுக்காகவே கட்டப்பட்டது, பந்துக்காக அன்று என்று இங்கிலாந்து அணியார் விடையிறுத்தனர். அவர்கள் நாட்டுக் கிரிக்கெட்டு ஆட்சியாளர் அவ்விடையை ஏற்றனர். வேண்டுமென்றே பந்திற் பூசினார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. இந்தியர் இரண்டாம் ஆட்டத்தில் 83 ஓட்டங்களுக்குள் அடங்கி, 200 ஓட்டங்களால் தோற்றனர். ஐந்து பந்தயங்கள் கொண்ட அத்தொடரை இங்கிலாந்து 3க்கு 1 என்று வென்றது.

நாம் மேலே கண்ட அறிவுகொண்டு இதனை நோக்கினால் என்ன தோன்றுகிறது? பளபளப்பை நெடுநேரம் காப்பதற்கு வாஸ்லீன் உதவக்கூடும் என்பது மறுக்கத்தக்கதன்று. ஆதலின் பேடி வினவியது நியாயமே. நடுவர் தெரிவித்தது அவர் கடமையே. ஆனால் புதுப்பந்துக்கு இயல்பாகவே பளபளப்பு உண்டு, தையலும் தேயாதிருக்கும். மிதவேகத்தில் தையலை நிலைநிறுத்தி வீசத் தெரிந்தவன் கையில் அது எப்பூச்சும் இன்றியே ஒரு சாணுக்கு மேலும் வளையும். ஆகவே "பந்து வளைந்தது, எனவே பூசினான்" என்ற முடிவு நில்லாது. வளைவு ஒன்றே சூதுக்குச் சான்றாகாது.

மாறி வளைதல்

இதனோடு ஒட்டிய மற்றொரு செய்தியும் உண்டு. தேய்ந்த பந்தின் ஒருபுறத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கி, மறுபுறத்தைச் சொரசொரப்பாகவே விட்டு, சொரசொரப்பான பக்கம் முன்னோக்குமாறு மிக விரைவாக வீசினால், பந்து தையல் நோக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் செல்லும். இருபுறத்துக் காற்றும் முன்னரே கலங்கிவிடுவதால், தையல் அங்கே உதவியாயிராமல், படலத்தைப் பருக்கச் செய்து விரைவிற் பிரித்துவிடுகிறது. பாகிஸ்தானியர் சர்ஃப்ராஸ் நவாஸ், இம்ரான் கான், வாசிம் அக்ரம், வக்கார் யூனிஸ் முதலியோர் இக்கலையில் தேர்ந்தவர். 1982 டிசம்பரிற் கராச்சியில் இம்ரான் கான் இந்தியருக்கு எதிராக ஓர் ஆட்டத்தில் 60 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள் வீழ்த்தினார். காரணம் விளங்காதவரை இக்கலையையும் பலர் களவு என்றே பழித்தனர். விளங்கிய பின்னர் எல்லா நாட்டாரும் அதனைப் பயின்றனர்.

களவே இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் கேப்டவுனில் ஆஸ்திரேலியர் உரகடதாசியாற் பந்தைத் தேய்த்தது படக்கருவியில் அகப்பட்டது. அணித் தலைவர் ஸ்டீவ் ஸ்மித்தும் டேவிட் வார்னரும் ஓராண்டும், பான்கிராஃப்ட் ஒன்பது மாதமும் விலக்கப்பட்டனர். அங்கே குற்றத்தைக் காட்டியது பந்தின் வளைவன்று. கண்ணாரக் கண்ட சான்றும் செய்தவர் வாய்மொழியும். விதிகளும் காலத்துக்கேற்ப மாறுகின்றன. நெடுங்காலம் வழக்கிலிருந்த எச்சில் தடவுதல் 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் காரணமாக நிறுத்தப்பட்டது. 2022இல் சட்டத்திலேயே விலக்கப்பட்டது. வியர்வைக்குத் தடையில்லை.

கண்டோர் கடமை

சேப்பாக்கத்துக்கு இதிற் பழம்பெருமை உண்டு. 1934 பிப்ரவரியில் அங்கு நடந்த முதல் டெஸ்டிலேயே நம் அமர் சிங் 86 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள் எடுத்தார். வளைவுக் கலை அயலாருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அவரே சான்று. 1999 ஜனவரியில் அதே களத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 271 ஓட்டங்களை நாடிய இந்தியரின் தொடக்க ஆட்டக்காரர் இருவரையும் வக்கார் யூனிஸ் வீழ்த்தினார். வாசிம் அக்ரமின் பந்தொன்று ராகுல் திராவிடின் மட்டையைக் கடந்து தடியைத் தகர்த்தது. டெண்டுல்கர் 136 எடுத்தும் இந்தியர் 12 ஓட்டங்களால் தோற்றனர். அப்பொழுது அரங்கிலிருந்த சென்னை மக்கள் எழுந்து நின்று வென்றோரைக் கைதட்டி வாழ்த்தினர். பந்தின் நுட்பம் அறிந்தோரே அங்ஙனம் வாழ்த்தவல்லார் என்பது நம் கருத்து. நம் மாவட்டத்துச் சாத்தான்குளத்தைத் தம் பெயரோடு தாங்கிய அப்துல் ஜப்பார் போன்றோர், வானொலியில் தமிழிலேயே ஆட்டத்தை வருணித்து, எழுத்தறியாதாரும் அந்நுட்பத்தைச் சுவைக்கச் செய்தனர். அத்தொண்டு மறக்கற்பாலதன்று.

சில கிழமைகள் கழித்து மீண்டும் அவ்வழியே சென்றபோது, பெரியவர் அக்கடையில் இருக்கக் கண்டோம். மேற்கூறியவற்றை ஓர் எலுமிச்சம்பழத்தின்மேற் கோடு கீறிக் காட்டி விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். "தையல் சுக்கான் மாதிரி என்கிறீர்கள். சரி. ஆனால் அந்தப் பட்டையை அவன் ஏன் வாஸ்லீன் இல்லாமல் ஒட்டியிருக்கக் கூடாது?" என்று கேட்டார். அவ்வினாவுக்கு நம்மிடம் விடையில்லை என்று ஒப்புக்கொண்டோம். அவர் நகைத்து, "அப்படியானால் களவாண்டான் என்று நானும் சொல்லமாட்டேன், ஆண்டிருக்க மாட்டான் என்று நீங்களும் சொல்லாதீர்கள்" என்றார். பிறகு, அன்று தம்மோடு வாதாடிய இளைஞனைக் கைதட்டி அழைத்து, தம் கணக்கில் அவனுக்கும் ஒரு தேநீர் சொன்னார்.

கல்லூரியிற் கற்கும் நாம் பல துறைகளிற் காரணம் தேடப் பழகுகிறோம். அப்பழக்கம் தேர்வு மண்டபத்தோடு நின்றுவிடலாகாது. பிறர்மேற் குற்றஞ் சாற்றுமுன் இயற்கை தானே செய்யக்கூடியது எவ்வளவு என்று அளந்தறிதலும், அளந்தபின் எஞ்சும் ஐயத்தை ஐயமென்றே விட்டுவைத்தலும், விளையாட்டிலும் வாழ்விலும் நடுநிலையாளர் கடமையாகும். இதனை நம் மாணாக்கர் மனங்கொள்வாராக.